கை தூக்கியவர்களின் கணக்கு

என்னிடம் இரண்டு கணினிகள் இருக்கின்றன. ஒன்று மேசைக் கணினி, இன்னொன்று மடிக்கணினி. இரண்டிலும் லினக்ஸ் இயங்குதளத்தின் ஒரு வடிவமான டெபியன். இரண்டிலும் பாப்கான் ஓடுகிறது. கணினியில் என்னென்ன பேக்கேஜ்கள், அதாவது இன்ஸ்டால் செய்த மென்பொருள் தொகுப்புகள், இருக்கின்றன, அவற்றில் எவை புழக்கத்தில் இருக்கின்றன என்று வாரம் ஒருமுறை கணக்கெடுத்து டெபியன் திட்டத்துக்கு அனுப்பும் சின்ன ப்ரோகிராம் அது. யாரும் கட்டாயப்படுத்தவில்லை. இன்ஸ்டால் செய்யும்போது கேட்டார்கள், நான் சரி என்றேன்.

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அது என்னைப் பற்றி என்னதான் சொல்கிறது என்று பார்க்கத் தோன்றியது. அனுப்பும் விவரத்தை அது லாக் ஃபோல்டரில் சாதாரண டெக்ஸ்ட் ஃபைலாக எழுதி வைக்கிறது. ஒளிவு மறைவு எதுவும் இல்லை. இரண்டு கணினிகளின் ஃபைல்களையும் ஒரே திரையில் அடுத்தடுத்து வைத்துப் படித்தேன்.

முதல் வரியில் நேரம், தற்செயலாக உருவாக்கிய ஒரு நீளமான அடையாள எண், ப்ராசஸர் வகை. அதற்குக் கீழே பேக்கேஜுக்கு ஒரு வரி. ஒவ்வொரு வரியிலும் இரண்டு நேரங்கள், பேக்கேஜின் பெயர், அதிலுள்ள ஒரு ஃபைலின் பெயர். ஒரு மாதத்துக்கு மேல் தொடாத பேக்கேஜ் என்றால் வரியின் கடைசியில் 'பழையது' என்று ஒரு குறி.

மடிக்கணினியின் பட்டியலில் என் எடிட்டருக்குப் பக்கத்தில் அந்தக் குறி இருந்தது. தினமும் நான்கைந்து மணி நேரம் நான் எழுதுவது அதில்தான். பிரவுசருக்கும் அதே குறி. மேசைக் கணினியில் நேர்மாறு. எப்போதோ ஆசைப்பட்டு இன்ஸ்டால் செய்து, ஒருமுறைகூடத் திறக்காமல் விட்ட ஒரு முப்பரிமாண வரைகலை ப்ரோகிராம்கூட இந்த வாரம் பயன்பட்டதாக இருந்தது. எல்லாமே பயன்பட்டதாக இருந்தது. ஒரு கணினி நான் எதையுமே தொடுவதில்லை என்கிறது, இன்னொன்று நான் எல்லாவற்றையும் தொடுகிறேன் என்கிறது. ஆள் ஒருவன்தான்.

காரணம் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. பாப்கான் நம்மை வேவு பார்ப்பதில்லை. எந்த ப்ரோகிராமை எப்போது திறந்தோம் என்று அதற்கு நேரடியாகத் தெரியாது. அந்த ப்ரோகிராமின் ஃபைல் கடைசியாக எப்போது படிக்கப்பட்டது என்று ஃபைல் சிஸ்டம் குறித்து வைத்திருக்கும் நேரத்தை மட்டும் பார்க்கிறது. மடிக்கணினியின் சேமிப்பகமான எஸ்எஸ்டிக்குத் தேய்மானம் குறையட்டும் என்று அந்த நேரத்தைக் குறிக்கவே வேண்டாம் என நான்தான் அமைத்திருந்தேன். அதனால் இன்ஸ்டால் ஆன நாளோடு கடிகாரம் நின்றுவிட்டது. மேசைக் கணினியில் வாரம் ஒருமுறை முழு டிஸ்க்கையும் டார் என்ற ஒரே தொகுப்பு ஃபைலாக பேக்கப் எடுக்கிறேன். பேக்கப் எடுக்க ஒவ்வொரு ஃபைலையும் படித்தாக வேண்டும். அப்படிப் படித்ததும் 'பயன்படுத்தியது' என்று பதிவாகிவிடுகிறது. ஒழுங்காக பேக்கப் எடுக்கிறவன் என்பதாலேயே நான் எல்லா ப்ரோகிராம்களுக்கும் ஓட்டுப் போட்டவன் ஆகியிருக்கிறேன்.

இதைக் கருவியின் குறை என்று சொல்ல மாட்டேன். தனிமனிதரைப் பின்தொடராமல் அளக்க வேண்டும் என்றால் இப்படி மறைமுகமான ஒரு தடயத்தைத்தான் நம்ப முடியும். அந்தத் தேர்வை நான் மதிக்கிறேன். ஆனால் ஒன்று உறைத்தது. விரும்பித் தருகிற புள்ளிவிவரம் பற்றிப் பேசும்போதெல்லாம் 'யாராவது பொய் சொல்லிவிட்டால்?' என்றுதான் கவலைப்படுகிறோம். இங்கே யாருமே பொய் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை, நிரலும் சொல்லவில்லை. அப்படியும் இரண்டு பதிலும் தப்பு.

இதைவிடப் பெரிய சிக்கல் ஃபைலுக்கு வெளியே இருக்கிறது. யார் அனுப்புகிறார்கள் என்பதுதான் அது.

டெபியன் இன்ஸ்டாலரில் பாப்கான் கேள்வி வரும்போது 'வேண்டாம்' என்பது முன்கூட்டியே தேர்வாகியிருக்கும். அடுத்து, அடுத்து என்று தட்டிக்கொண்டு போகிறவர் கணக்கில் வர மாட்டார். நின்று, படித்து, மாற்றி வைப்பவர்தான் வருவார். அப்படியும் இரண்டு லட்சத்தைச் சுற்றிக் கணினிகள் அறிக்கை அனுப்புகின்றன. மொத்தம் எத்தனை டெபியன் கணினிகள் இருக்கின்றன என்று எந்தப் பதிவேடும் இல்லாததால், அந்த இரண்டு லட்சம் எத்தனையில் இரண்டு லட்சம் என்ற கேள்விக்கு விடை கிடையாது. அதிலும் எத்தனை டெஸ்க்டாப், எத்தனை சர்வர் என்று கேட்டால், பேக்கேஜ்களை வைத்து ஊகிக்கலாம், அவ்வளவுதான்.

டெபியனிலிருந்து கிளைத்த இன்னொரு லினக்ஸான உபுண்டு, 2018 ஏப்ரலில் வந்த 18.04 பதிப்பில் இதே மாதிரி ஒரு கேள்வியை முதல் லாகினில் வைத்தது. ஒரே வித்தியாசம், அங்கே 'அனுப்பு' என்பது முன்கூட்டியே தேர்வாகியிருந்தது. சில மாதங்கள் கழித்து அவர்கள் வெளியிட்ட கணக்குப்படி 67 சதவீதம் பேர் அனுப்பச் சம்மதித்திருந்தார்கள். அதில் எத்தனை பேர் உண்மையிலேயே சம்மதித்தார்கள், எத்தனை பேர் வெறுமனே அடுத்த பக்கத்துக்குப் போனார்கள் என்று அந்த எண்ணை வைத்துப் பிரிக்க முடியாது. ஆனாலும் டெபியனின் கணக்கைவிட உபுண்டுவின் கணக்கு பொதுவான பயனருக்கு நெருக்கமாக இருக்கும் என்றுதான் நினைக்கிறேன். அக்கறை உள்ளவர், அக்கறை இல்லாதவர் இரண்டு தரப்பும் அதில் கலந்திருக்கிறது. அக்கறை உள்ளவர்கள் மட்டும் கலந்துகொள்ளும் கணக்கு, அக்கறை உள்ளவர்களைப் பற்றி மட்டுமே பேசும்.

2022 ஆகஸ்டில், லினக்ஸின் டெஸ்க்டாப் திரையை உருவாக்கும் கினோம் திட்டம் ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. தானாக இன்ஸ்டால் ஆகாத ஒரு சிறு கருவியை நாமே தேடி இன்ஸ்டால் செய்து, ஓட்டி, என்ன போகிறது என்று பார்த்துவிட்டுச் சம்மதம் சொன்னால் ஒரே ஒருமுறை விவரம் போகும். பதில்கள் சுமார் 2,500. அதில் பாதிக்கும் மேல் ஃபெடோரா என்ற லினக்ஸிலிருந்து. உபுண்டு பத்தில் ஒரு பங்கை ஒட்டித்தான். கினோம் டெஸ்க்டாப்பைத் தன் இயல்பான முகமாக வைத்து வருகிற உபுண்டுவுக்கு அவ்வளவு சின்னப் பங்குதான் என்று யாரும் நம்ப மாட்டார்கள். அழைப்பு யார் காதில் விழுந்ததோ அவர்கள் வந்தார்கள். கினோம் மேம்பாட்டைக் கூர்ந்து கவனிக்கிறவர்களில் ஃபெடோராக்காரர்கள் அதிகம். இதை மறைக்காமல், வந்தவர்கள் தாங்களாக முன்வந்தவர்கள், இது எல்லாப் பயனரையும் குறிக்காது என்று முடிவுகளோடு சேர்த்தே சொன்னார்கள். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் எண்கள் கைமாறிப் பரவும்போது இந்த எச்சரிக்கை கூடவே வருவதில்லை. முதல் கையில் இருக்கும், மூன்றாவது கையில் உதிர்ந்துவிடும். மிஞ்சுவது 'கினோம் பயனர்களில் இத்தனை சதவீதம்' என்ற வாக்கியம் மட்டும்.

'சரி, ஆட்களைக் கூட்டினால் சரியாகிவிடாதா?' என்று நண்பர் ஒருவர் கேட்டார். 2,500 போதாது, இரண்டு லட்சம் வேண்டும், இருபது லட்சம் இருந்தால் உறுதி என்பது அவர் எண்ணம். நானும் நெடுநாள் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். ஹார்வர்டு புள்ளியியலாளர் ஷியாவ்-லி மெங் 2018-ல் எழுதிய ஒரு கட்டுரை அந்த நம்பிக்கையை அசைத்துவிட்டது. 2016 அமெரிக்க அதிபர் தேர்தலை எடுத்துக்கொண்டு அவர் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். வாக்காளர்களில் 1 சதவீதம், அதாவது சுமார் 23 லட்சம் பேரின் பதில் கையில் இருக்கிறது. பதில் சொல்ல முன்வருவதற்கும் சொல்லும் பதிலுக்கும் நடுவே மிக மிகச் சிறிய ஒரு தொடர்பு, 0.005 அளவு, இருக்கிறது. அவ்வளவுதான். அந்த 23 லட்சம் பதிலின் மதிப்பு, ஒழுங்காகக் குலுக்கி எடுத்த 400 பேரின் பதிலுக்குச் சமமாகக் குறைந்துவிடுகிறது.

லினக்ஸ் உலகில் அந்தத் தொடர்பு 0.005 அளவுக்குச் சிறியதாக இருக்குமா? யோசித்துப் பாருங்கள். தன் விவரம் எங்கும் போகக் கூடாது என்று நினைப்பவர் எந்த பிரவுசர் வைத்திருப்பார், டெபியன், உபுண்டு போன்ற லினக்ஸ் வடிவங்களில், அதாவது டிஸ்ட்ரோக்களில், எதைத் தேர்ந்தெடுப்பார்? அந்தரங்கத்தையும் பாதுகாப்பையும் முன்வைக்கும் டெய்ல்ஸ் அல்லது க்யூப்ஸ் பயன்படுத்துபவர் எந்தப் பட்டியலிலாவது தானே பெயர் கொடுப்பாரா? பதில் சொல்ல மறுப்பதும் நாம் அளக்க நினைக்கும் விஷயமும் ஒரே குணத்திலிருந்து வருகின்றன. அலுவலகங்களில் ஃபயர்வாலுக்குப் பின்னால் இருக்கும் கணினிகள், ஒரே கணினியின் டிஸ்க்கை அப்படியே நகலெடுத்து உருவாக்கிய ஆய்வகக் கணினிகள் என்று இன்னொரு பெரிய கூட்டம் இருக்கிறது. நகலெடுக்கும்போது பாப்கானின் அடையாள எண்ணும் சேர்ந்து நகலாகிவிட்டால், நாற்பது கணினிகள் ஒன்றாகத்தான் எண்ணப்படும்.

இதற்கு நேர் எதிர்த் திசையிலும் ஒரு சாய்வு உண்டு. வன்பொருளைச் சோதித்து விவரம் ஏற்றும் ஹெச்டபிள்யூ-ப்ரோப் என்ற கருவி எனக்கு மிகவும் பிரியமானது. ஆனால் அதை மனிதர்கள் எப்போது ஓட்டுகிறார்கள்? வைஃபை எடுக்காதபோது. ஸ்பீக்கரில் சத்தம் வராதபோது. அல்லது புது மடிக்கணினி வாங்கிய அன்று ஆசையாக. மூன்று வருடமாக எந்தத் தொந்தரவும் இல்லாமல் ஓடுகிற கணினியில் அதை ஓட்ட வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? மருத்துவமனை வாசலில் நின்று எண்ணினால் ஊரே நோயாளியாகத் தெரியும். அப்படியொரு வாசலில் நின்று எடுத்த கணக்கை வைத்து, 'இந்த சிப் லினக்ஸில் இத்தனை சதவீதம் வேலை செய்யாது' என்று முடிவு கட்டுகிறவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது.

அதே கருவியிடம் வேறு கேள்வி கேட்டுப் பாருங்கள். 'இந்த மாடல் மடிக்கணினியில் இந்த வைஃபை கார்டு, லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் இந்தப் பதிப்பில் யாருக்காவது வேலை செய்திருக்கிறதா?' இதற்கு ஒரே ஒருவரின் பதிவு போதும். மாதிரி சாய்ந்திருக்கிறதா, நேராக இருக்கிறதா என்ற பேச்சே வராது. நான் கணினி வாங்கும் முன் அங்கே போய்த்தான் பார்ப்பேன். முகம் தெரியாத ஒருவர் ஐந்து நிமிடம் செலவழித்து ஏற்றி வைத்த பதிவு எனக்கு எத்தனையோ முறை கைகொடுத்திருக்கிறது. 'இருக்கிறதா' என்ற கேள்விக்கு விரும்பித் தரும் தகவலைப் போல் நம்பகமானது வேறொன்று இல்லை. 'எத்தனை' என்று கேட்கும்போதுதான் அது தடுமாறுகிறது.

இந்த 'எத்தனை' ஆசை பழையது. 1993-லேயே ஹரால்ட் ஆல்வெஸ்ட்ராண்ட் லினக்ஸ் கவுண்டர் என்ற பதிவேட்டைத் தொடங்கினார். பெயர் கொடுத்தால் ஓர் எண் கிடைக்கும். மின்னஞ்சலின் அடியில் 'பதிவு செய்த லினக்ஸ் பயனர் எண் இன்னது' என்று பெருமையோடு போட்டுக்கொள்வார்கள். அழகான வழக்கம். ஆனால் பெயர் கொடுக்க வருகிற உற்சாகம் பெயரை நீக்க வருவதில்லை. வேறு சிஸ்டத்துக்கு மாறிப் போனவர் திரும்பி வந்து 'என்னை எடுத்துவிடுங்கள்' என்று சொல்வது அரிது. அதில் சேராதவர்கள் எத்தனை பேர் என்பதோ ஊகம்தான்.

கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் தளத்தின் கணக்கெடுப்பு இவற்றிலிருந்து கொஞ்சம் மாறுபட்டது. அங்கே நாமாகப் போய்ப் பெயர் கொடுக்க முடியாது. மாதாமாதம் சிலரை அவர்களே தேர்ந்தெடுத்துக் கேட்கிறார்கள், சம்மதிப்பதும் மறுப்பதும் நம் விருப்பம். அதனால் அது ஒரு படி மேல் என்பேன். இருந்தும் 2025-ன் முதல் மூன்று மாதங்களைப் பாருங்கள். ஜனவரியில் லினக்ஸ் 2.06 சதவீதம், பிப்ரவரியில் 1.45, மார்ச்சில் 2.33. பிப்ரவரியில் கால்வாசிக்கும் மேலான லினக்ஸ் பயனர்கள் விட்டுவிட்டு ஓடி, மார்ச்சில் இன்னும் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார்களா? இல்லை. அந்தப் பிப்ரவரியில் எளிய சீன மொழியில் ஸ்டீம் பயன்படுத்துபவர்களின் பங்கு ஒரே தாவலில் பாதியைத் தொட்டது. வகுக்கும் எண் வீங்கினால் மற்ற எல்லாருடைய பங்கும் சுருங்கும். முன்பும் இப்படி ஒன்று நடந்தது. 2018-ல் ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனமே ஒப்புக்கொண்டது: இன்டர்நெட் சென்டர்களில் ஒரே கணினியில் பலர் மாறி மாறி லாகின் செய்வதால், 2017 ஆகஸ்ட் தொடங்கி அந்தக் கணினிகள் அளவுக்கு மீறி எண்ணப்பட்டிருந்தன. திருத்தும் வரை லினக்ஸின் சதவீதம் பரிதாபமாகக் கிடந்தது. 2025 அக்டோபரில் முதல்முறையாக 3 சதவீதத்தைத் தாண்டியபோது நானும் மகிழ்ந்தேன். ஆனால் ஒரு மாதத்து எண்ணுக்கு மகிழ்வதைவிட, மூன்று நான்கு வருடத்துக் கோடு எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்து மகிழ்வதுதான் சரி என்று இப்போது நினைக்கிறேன்.

விரும்பித் தரும் புள்ளிவிவரத்தின் இன்னொரு பலம் இந்த நீண்ட கோடுதான். சாய்ந்த தராசாக இருந்தாலும், வருடா வருடம் ஒரே மாதிரி சாய்ந்திருந்தால், எடை ஏறுகிறதா இறங்குகிறதா என்று அது சொல்லிவிடும். பாப்கானில் 32-பிட் கணினிகளின் கோடு பல வருடங்களாக இறங்கி, 64-பிட் கோடு அதைக் கடந்து போனதைப் பார்க்கலாம். அந்தக் கதையைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. டெபியன் தன் முதல் சிடியில் எந்த பேக்கேஜ்களை வைப்பது என்று தீர்மானிக்க பாப்கானைத்தான் பயன்படுத்தியது. அதற்கும் இந்தத் துல்லியம் தாராளமாகப் போதும். முதல் நூறில் வருவது நிஜமாகவே பரவலான பேக்கேஜ்தான். அது 40-ஆவதா 55-ஆவதா என்பதால் யாருக்கும் நஷ்டமில்லை.

நஷ்டம் வருவது பட்டியலின் அடிமட்டத்தில்.

என்னிடம் ஒரு பழைய ஃபிலிம் ஸ்கேனர் இருக்கிறது. பெற்றோரும் அவர்களின் பெற்றோரும் எடுத்த நெகட்டிவ்களை அதில்தான் ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டிருக்கிறேன். அதை இயக்கும் சின்ன ப்ரோகிராம் ஒரு டிஸ்ட்ரோவில் பேக்கேஜாக இருந்தது. டிஸ்ட்ரோவின் பெயர் வேண்டாம். ஒருநாள் அதை நீக்கலாம் என்று ஒரு முன்மொழிவு வந்தது. பராமரிக்க ஆள் இல்லை என்பது ஒரு காரணம், அது நியாயமானது. அடுத்த காரணத்தைப் படித்தபோது கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். 'பயனர்கள் ஒற்றை இலக்கத்தில்தான் இருக்கிறார்கள்' என்று எழுதியிருந்தது.

அந்த ஒற்றை இலக்கத்தில் நான் இல்லை. ஸ்கேனர் இணைத்திருப்பது மூன்றாவதாக ஒரு பழைய கணினியில். அதற்கு இணைய இணைப்பே கொடுப்பதில்லை. அந்தப் படங்கள் வேறெங்கும் போகக் கூடாது என்பதுதான் காரணம். எந்தக் கணக்கெடுப்பும் அதை எட்டாது. இப்படிப் பழைய கருவிகளை வைத்திருப்பவர்களில் பெரும்பாலோரின் நிலை இதுவாகத்தான் இருக்க வேண்டும். ஓரமாக ஒரு பழைய கணினி, அதில் பழைய இன்ஸ்டால், நெட் இல்லை. எந்த வகைப் பயனர்கள் கணக்கில் வரவே மாட்டார்களோ, அவர்களுக்கான ப்ரோகிராமைக் கணக்கை வைத்தே தீர்மானிக்கப் பார்த்தார்கள். அந்த எண்ணைப் பார்த்தவர் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. அவர் கையில் இருந்த ஒரே எண் அது. எண் என்று ஒன்று கண்முன் இருக்கும்போது அதைப் பார்க்காமல் இருப்பது கஷ்டம்.

நான் ஒரு கடிதம் எழுதினேன். என்ன ஸ்கேனர், எந்தப் பதிப்பு, என்ன செய்கிறேன், எங்கே தகராறு செய்கிறது, அதை எப்படிச் சமாளிக்கிறேன் என்று விவரமாக. இரண்டு வாரத்தில் இன்னும் மூன்று பேர் எழுதினார்கள். ஒருவர் நூலகத்துக்காக அதைப் பயன்படுத்துகிறாராம். இன்னொருவர் பராமரிப்பை ஏற்றுக்கொண்டார். பேக்கேஜ் தப்பித்தது. எங்கள் நான்கு கடிதங்களால் அந்த எண் ஒன்றுகூட ஏறவில்லை என்பதையும் கவனித்தேன்.

வேறு வழி இல்லையா என்றால், இருக்கிறது. ஃபெடோரா 2020-ல், 32-ஆவது பதிப்போடு கொண்டுவந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது. கணினி எப்படியும் அப்டேட் பட்டியலைக் கேட்டுத் தொடர்பு கொள்ளத்தான் போகிறது. வாரத்தில் ஒரே ஒருமுறை, அப்படிக் கேட்கும்போது ஒரு சின்ன எண்ணைச் சேர்த்து அனுப்பும். 1 என்றால் இன்ஸ்டால் செய்து ஒரு வாரத்துக்குள், 2 என்றால் ஒரு மாதத்துக்குள், 3 என்றால் ஆறு மாதத்துக்குள், 4 என்றால் அதற்கும் மேல். அடையாள எண் கிடையாது. யார் என்று தெரியாமலே எத்தனை என்று எண்ண முடிகிறது. காலையில் பிறந்து மாலையில் மறையும் சோதனைக் கணினிகளையும், மாதக்கணக்கில் நிஜமாகப் புழங்கும் கணினிகளையும் பிரித்துவிடவும் முடிகிறது. 'எத்தனை' என்ற கேள்விக்கு இதுதான் பொருத்தம். என்னென்ன பயன்படுத்துகிறார்கள் என்பதை இது சொல்லாது, அதற்கு விரும்பித் தருகிறவர்கள்தான் வேண்டும்.

இதே சங்கடத்தை கோ என்ற நிரல் மொழியை உருவாக்கும் குழுவின் ரஸ் காக்ஸ் 2023-ல் வெளிப்படையாகப் பேசினார். சரியாகக் குலுக்கி எடுத்தால் சுமார் 16,000 அறிக்கைகள் போதும், 99 சதவீத உறுதியோடு 1 சதவீதத்துக்குள் துல்லியம் கிடைக்கும், அதனால் ஒவ்வொருவரிடமும் மிக அரிதாகக் கேட்டாலே போதும் என்றார். அதற்காக, அனுப்புவதையே இயல்பாக வைக்கலாம் என்பது அவர் யோசனை. எதிர்ப்பு வந்ததும் விரும்பினால் மட்டும் என்று மாற்றினார்கள். அந்த எதிர்ப்பில் நியாயம் இருக்கிறது. கேட்காமல் எடுப்பதை நானும் ஏற்க மாட்டேன். ஆனால் அந்த மாற்றத்துக்கு ஒரு விலை உண்டு. துல்லியம் எண்ணிக்கையில் இல்லை, குலுக்கலில் இருந்தது. சம்மதம் கேட்டதும் குலுக்கல் போய்விடுகிறது. இந்த விலையை நாம் அறிந்தே கொடுக்கிறோம் என்றால் எனக்குச் சம்மதம். கொடுத்துவிட்டு, பழைய துல்லியமும் கையில் இருக்கிறது என்று நினைத்துக்கொள்வதுதான் ஆபத்து.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு அப்புறம் மடிக்கணினியில் ஃபைல் படித்த நேரம் மறுபடியும் பதிவாகும்படி மாற்றினேன். மேசைக் கணினியின் பேக்கப்பில் ப்ரோகிராம்கள் இருக்கும் ஃபோல்டரை விட்டுவிட்டேன், அவற்றை எப்போது வேண்டுமானாலும் மறுபடி இன்ஸ்டால் செய்துகொள்ளலாம். ஐந்து வாரம் கழித்து, நேற்று அந்த ஃபைல்களைத் திறந்தேன். எடிட்டர் மேலே வந்திருக்கிறது. முப்பரிமாண வரைகலை ப்ரோகிராமுக்குப் பக்கத்தில் 'பழையது' என்ற குறி வந்திருக்கிறது. ஸ்கேனர் கணினிக்கு இன்னும் இணைப்புக் கொடுக்கவில்லை, கொடுக்கப் போவதும் இல்லை. அதற்காக, பராமரிப்பை ஏற்றுக்கொண்டவருக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை எழுதுகிறேன். இந்த முறை எழுதியது, 1971 தேதியிட்ட ஒரு நெகட்டிவ் சுருளில் நீல நிறம் மட்டும் ஏன் கசிகிறது என்று.